எம்டன் கட்டுரை கைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பேன்?

செப்டம்பர் 22 நெருங்கும்போது எம்டனைப் பற்றிய கட்டுரை குறைந்தது ஒன்று திருத்தத்துக்கு வந்துவிடும். 1914-இல் அந்த நாள் இரவில்தான் இந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு அருகே வந்து குண்டு வீசியது. நம் ஊர்க் கதை என்பதால் எல்லோரும் ஆசையாக எழுதுகிறார்கள். தெரிந்த கதைதானே என்ற நம்பிக்கையில் சரிபார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். மெய்ப்புப் பார்ப்பவர் அதிகம் சந்தேகப்பட வேண்டியது இந்தத் 'தெரிந்த' வரிகளைத்தான்.

'எம்டன் என்ற நீர்மூழ்கிக் கப்பல்' என்று இன்றும் எழுதி அனுப்புகிறார்கள். எம்டன் நீர்மூழ்கியே அல்ல. 1908-இல் டான்சிக் நகரில் கடலில் இறக்கப்பட்ட இலகு ரக குரூசர் அது. பத்து 10.5 செ.மீ. பீரங்கிகள், நிலக்கரியில் ஓடும் நீராவி எஞ்சின், மூன்று புகைபோக்கிகள். அந்த ஒரு சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நகரக் கூடாது. அதை நம்பி எழுதிய 'கடலுக்கடியில் பதுங்கி வந்து' போன்ற வரிகள் கீழே காத்திருக்கும். நடந்தது வேறு. இருட்டில் கரையை நெருங்கி, தேடுவிளக்கை அடித்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்துச் சுட்டார்கள்.

படத்திலும் கண் வேண்டும். கட்டுரையோடு வரும் படத்தில் புகைபோக்கிகளை எண்ணிப் பாருங்கள். இரண்டுதான் இருந்தால் அது 1925-இல் கடலில் இறக்கப்பட்ட, அதே பெயர் கொண்ட வேறு கப்பல். 'எம்டனுக்கு நான்கு புகைபோக்கி' என்று எழுதுபவர்களும் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது: பிரிட்டிஷ் குரூசர் யார்மத் போலத் தெரிவதற்காக நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்தியிருந்தார்கள். அந்த வரியை வெட்டாமல், 'போலி' என்று சேர்த்தாலே கட்டுரைக்குச் சுவை கூடும்.

அலகுகளில் சறுக்குவது சகஜம். '10.5 மி.மீ. பீரங்கி' என்று அச்சானால் அது கைத்துப்பாக்கிக் குண்டின் அளவு. 'மணிக்கு 24 நாட்' என்பதில் 'மணிக்கு' வேண்டாம். நாட் என்பதே மணிக்கு ஒரு கடல் மைல். வாசகருக்காக, மணிக்குச் சுமார் 44 கி.மீ. வேகம் என்று அடுத்து ஒரு வரி சேர்க்கலாம். சென்னையில் எத்தனை குண்டுகள் சுட்டார்கள் என்பதில் நூலுக்கு நூல் 125, 130 என்று மாறுகிறது. அங்கே 'சுமார்' போடுவதே நேர்மை.

'மூழ்கடித்த கப்பல்கள்' என்ற பட்டியலையும் நிறுத்திப் படிக்க வேண்டும். பிடித்தவை எல்லாவற்றையும் எம்டன் மூழ்கடிக்கவில்லை. கபிங்கா என்ற கப்பலில் அமெரிக்கச் சரக்கு இருந்ததால், மூழ்கடித்த கப்பல்களின் மாலுமிகளை அதில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். எம்டனின் முடிவும் அப்படித்தான். 1914 நவம்பர் 9 அன்று ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி அதை நொறுக்கியது உண்மை. ஆனால் கேப்டன் கார்ல் ஃபான் மியுல்லர் கப்பலை வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்றி நிறுத்தினார்; அது கடலில் மூழ்கவில்லை.

மேற்கோள் யாருடையது என்பதும் முக்கியம். முதல்நிலை அதிகாரி ஹெல்முத் ஃபான் மியூக்கே எழுதிய நினைவுகளைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். சென்னை இரவுக்கு அவர் நேரடிச் சாட்சி. கடைசிச் சண்டையின்போதோ அவர் தரையிறங்கிய குழுவுடன் டைரக்‌ஷன் தீவில் இருந்தார். அந்தச் சண்டையின்போது கப்பலுக்குள் நடந்ததற்கு அவரைச் சாட்சியாகக் காட்டினால், நான் ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிடுவேன்.

இனி செண்பகராமன் பிள்ளை. அவர் எம்டனில் இருந்து சென்னைக்குக் குறிகாட்டினார் என்ற கதையைத் தொட்டால் மனம் புண்படுகிறவர்கள் உண்டு. எனக்கும் அவர்மீது பெருமதிப்பு உண்டு. ஆனால் எம்டன் வங்காள விரிகுடாவில் இருந்த நாட்களில் அவர் சூரிச்சில் இந்திய விடுதலைக்காக அமைப்பு நடத்திக்கொண்டிருந்தார். அக்டோபரில் பெர்லின் போனார். 'பத்து இணையதளங்களில் இருக்கிறதே' என்று ஒரு கட்டுரையாளர் வாதாடினார். பத்திலும் ஒரே எழுத்துப்பிழை இருந்ததைக் காட்டினேன். எல்லாம் ஒன்றின் நகல். அந்த வரியை எடுத்துவிட்டு, சூரிச் பணிகளைப் பற்றி அவர் தனியாக ஒரு பத்தி எழுதித் தந்தார்.