மின்சாரம் நின்றாலும் நிற்காத காந்தம்

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஓர் இரவுப் பணியில் நடந்தது. கடைசி நோயாளியை அனுப்பிவிட்டுப் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. ஜெனரேட்டர் எழும்பச் சில நொடிகள் ஆகும். அந்த இடைவெளியில், புதிதாகச் சேர்ந்த துப்புரவுப் பணியாளர் ஒருவர் இரும்பு வாளியோடு எம்.ஆர்.ஐ. அறைக் கதவில் கை வைத்துவிட்டார். "அம்மா, நில்லுங்கள்!" என்று நான் போட்ட சத்தத்தில் வாளியைக் கீழே போட்டுவிட்டு, கோபமாகத் திரும்பினார். "மிஷின்தான் நின்றுவிட்டதே தம்பி, கரண்டே இல்லை. எதற்கு இந்தக் கத்தல்?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. மிக்ஸியும் மின்விசிறியும் கரண்ட் போனால் நின்றுவிடும். இதுவும் அப்படித்தான் என்று அவர் நினைத்தார். அப்படியில்லை என்று சொல்லித்தந்திருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். கதவைப் பூட்டாமல் விட்டவனும் நான்தான்.

எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் நியோபியம், டைட்டானியம் என்ற உலோகங்கள் கலந்த கம்பிச் சுருள் இருக்கிறது. அதுதான் காந்தம். திரவ ஹீலியத்தில், ஏறக்குறைய மைனஸ் 269 டிகிரி செல்சியஸ் குளிரில் அது மூழ்கிக் கிடக்கும்போது மின்னோட்டத்துக்கான எதிர்ப்பு என்பதே அதற்கு இல்லாமல் போகிறது. நிறுவும் நாளில் மின்னோட்டத்தை ஏற்றி, சுருளின் இரு முனைகளையும் இணைத்துவிடுவார்கள். பிறகு வெளியிலிருந்து மின்சாரம் தராமலே அந்த மின்னோட்டம் சுருளுக்குள் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். நோயாளி உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஞாயிறானாலும் பொங்கலானாலும் காந்தம் விழித்தேதான் இருக்கிறது. ஸ்கேன் நடக்கும்போது வரும் 'டடடட' சத்தம் வேறு சுருள்களிலிருந்து வருகிறது. அந்தச் சத்தம் நின்றதும் காந்தமும் நின்றுவிட்டதாக நினைப்பதுதான் ஆபத்தின் முதல் படி.

2018இல் மும்பையில் நோயாளி ஒருவரின் உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போய் உயிரிழந்தார். இயந்திரம் ஓடவில்லை, உள்ளே கொண்டுபோகலாம் என்று மருத்துவமனை ஊழியரே சொன்னதாகக் குடும்பத்தார் கூறினார்கள். 2001இல் நியூயார்க் மாநிலத்தில் 6 வயதுச் சிறுவன் ஒருவன் ஸ்கேனில் படுத்திருந்தபோது, உள்ளே கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் பாய்ந்து தாக்கியதில் இறந்தான். 2025 ஜூலையில் அதே மாநிலத்தின் லாங் ஐலண்டில், ஸ்கேன் முடிந்த மனைவியை எழுப்பிவிட உள்ளே போன 61 வயதுக்காரரை, உடற்பயிற்சிக்காகக் கழுத்தில் அணிந்திருந்த கனமான உலோகச் சங்கிலியோடு காந்தம் இழுத்துக்கொண்டது. மறுநாள் அவர் இறந்தார். மூவரில் ஸ்கேனுக்காகப் படுத்திருந்தவன் அந்தச் சிறுவன் மட்டுமே. மற்ற இருவரும் உதவிக்காக உள்ளே போனவர்கள்.

எவ்வளவு வலிமை என்று எல்லோரும் கேட்பார்கள். காந்தப்புலத்தை டெஸ்லா என்ற அலகில் அளப்பார்கள்; அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோடெஸ்லா. நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. நம் ஸ்கேன் மையங்களில் பரவலாக இருக்கும் இயந்திரம் 1.5 டெஸ்லா, அதாவது 37,000 மடங்குக்கும் மேல். 3 டெஸ்லா இயந்திரங்களும் பெருகிவிட்டன. பிரான்சின் சக்லேயில் மூளை ஆராய்ச்சிக்காக 11.7 டெஸ்லாவில் ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காந்தத்தின் எடை மட்டும் 132 டன்.

ஆனால் இந்த மடங்குக் கணக்கு எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கேட்பவர் வியப்பாரே தவிர, எங்கே நிற்க வேண்டும் என்று அதிலிருந்து தெரிந்துகொள்ள மாட்டார். இரும்பை இழுப்பதற்குக் காந்தப்புலம் வலுவாக இருந்தால் மட்டும் போதாது; இடத்துக்கு இடம் அது வேகமாக மாறவும் வேண்டும். நோயாளி படுக்கும் சுரங்கம் போன்ற குழாயின் நடுவில் புலம் சீராக இருப்பதால் அங்கே இழுவை ஏறக்குறைய இல்லை. சுரங்கத்தின் வாயில்தான் கொலைகார இடம். வெளியே காந்தம் பரவாமலிருக்க இன்றைய இயந்திரங்களில் எதிர்ச் சுருள்கள் வைத்திருக்கிறார்கள். அதனால் பக்கத்து அறைகளுக்குப் பாதுகாப்பு கூடியது. கூடவே, வாயிலருகே காந்தப்புலத்தின் ஏற்றம் செங்குத்தாகிவிட்டது. கதவருகில் நிற்கும்போது கையிலிருக்கும் கத்தரிக்கோல் சும்மா இருக்கும். இரண்டடி போனால் லேசாகத் துடிக்கும். இன்னும் ஓரடி எடுத்து வைத்தால் அது உங்கள் கையில் இருக்காது. எனக்கே நடந்தது. பயிற்சிக் காலத்தில், மேல்சட்டைப் பையிலிருந்த பேனா என் முகத்தை உரசிக்கொண்டு பறந்து உள்ளே ஒட்டிக்கொண்டது. அதன் கிளிப் இரும்பு.

அவசரத்துக்குச் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஹீலியம் கொதித்து, குழாய் வழியே கட்டடத்துக்கு வெளியே போகும், காந்தம் அடங்கும். ஒரு லிட்டர் திரவ ஹீலியம் சுமார் 700 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால், குழாயில் அடைப்பிருந்தால் அறையிலுள்ள ஆக்சிஜனை அது வெளியே தள்ளிவிடும். காந்தம் அடங்க ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். யாரோ ஒருவர் நசுங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள்.

நம்மவர்களிடம் நான் அதிகம் வாதாடுவது தாலியைப் பற்றித்தான். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. தாலிச் சரடில் கோத்திருக்கும் ஊக்குகளை இழுக்கும். "தாலியைக் கழற்றச் சொல்கிறார்கள்" என்று கண்கலங்கும் அம்மாக்களிடம் முதலில் ஊக்கைத்தான் கேட்பேன். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி சூடு. தங்கமோ வெள்ளியோ செம்போ, ஸ்கேனின்போது இயந்திரம் அனுப்பும் ரேடியோ அலையில் சூடேறித் தோலைச் சுடலாம். ஆகவே கழற்றுவதே நல்லது. ஜரிகைப் புடவைக்கும் இதே கதைதான். ஹேர்பின், ரவிக்கைக் கொக்கி, தாயத்து, சில்லறை எதுவும் வேண்டாம். நம் 1 ரூபாய், 2 ரூபாய் நாணயங்கள் காந்தம் இழுக்கும் எஃகில் அச்சடிக்கப்பட்டவை. வீட்டில் ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தாலே தெரியும்.

உடலுக்குள் இருப்பதைப் பற்றி நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், கேட்பதற்காகக் காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி ஆகியவற்றில் சில மாடல்களுக்கு ஸ்கேன் எடுக்கலாம், சிலவற்றுக்குக் கூடாது. அறுவை சிகிச்சையின்போது கொடுத்த அட்டையைத் தேடி எடுத்து வாருங்கள். "ஏதோ கம்பி வைத்தார்கள்" என்பது போதாது.

முதுகுவலிக்காக ஒருவர் வந்தார். உடம்பில் இரும்பு ஏதாவது இருக்கிறதா என்று மூன்று பேர் கேட்டோம். மூன்று முறையும் இல்லை என்றார். மேசையில் படுக்கப் போகும்போது, பேச்சுக்காக என்ன வேலை என்று கேட்டேன். இருபது வருடமாக லேத்து பட்டறை என்றார். கண்ணில் எப்போதாவது தூள் தெறித்ததா? "அது அடிக்கடி நடப்பதுதானே சார்!" என்று சிரித்தார். எழுந்திருக்கச் சொல்லி, கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்தோம். வலது கண்குழியில் வெள்ளையாக ஒரு புள்ளி, கடுகைவிடச் சிறியது. அன்று அவரை ஸ்கேன் செய்யாமல் கண் மருத்துவரிடம் அனுப்பினோம்.