உடம்பு நன்றாக இருக்கும்போதே வர வேண்டிய ஸ்கேன்

கலிபோர்னியாவில் கல்லீரல் மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் வியட்நாமிலிருந்தும் தெற்குச் சீனாவிலிருந்தும் குடியேறியவர்கள் அதிகம். நெயில் சலூனிலும் உணவகச் சமையலறையிலும் வேலை பார்ப்பவர்கள். அமெரிக்காவில் ஆசிய வம்சாவளியினர் சுமார் 7 சதவீதம்தான், ஆனால் கல்லீரலைத் தாக்கும் வைரஸ் தொற்றான ஹெபடைட்டிஸ் பி நாள்பட்டு இருப்பவர்களில் பாதிக்கும் மேல் அவர்கள்தான். பலருக்கு இது பிரசவத்தின்போதே தாயிடமிருந்து வந்தது. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலும் தானாகவே போய்விடும், பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் 90 சதவீதம் பேருக்கு நிலைத்துவிடும்.

அப்புறம் முப்பது நாற்பது வருடம் ஒன்றுமே தெரியாது. மஞ்சள் காமாலை வந்தால்தான் கல்லீரல் நோய் என்று நாமும் நினைக்கிறோம், அவர்களும் நினைக்கிறார்கள். மற்ற கல்லீரல் நோய்களில் பெரும்பாலும் சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நிலை, வந்த பிறகுதான் புற்றுநோய் வரும், ஆனால் ஹெபடைட்டிஸ் பி-யில் சிரோசிஸ் இல்லாமலும் வரும். அதனால்தான் இந்த வைரஸ் உள்ள ஆசிய ஆண்கள் 40 வயதிலிருந்தும் பெண்கள் 50 வயதிலிருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும், குடும்பத்தில் யாருக்காவது கல்லீரல் புற்றுநோய் இருந்தாலோ அவர்களுக்கே சிரோசிஸ் இருந்தாலோ அதற்கும் முன்பே. கட்டி சிறியதாக இருக்கும்போது பார்த்துவிட்டால் வெட்டி எடுக்கலாம், ஊசி செலுத்திச் சுட்டு அழிக்கலாம், மாற்றுக் கல்லீரல் வைக்கலாம். வலி வந்த பிறகு வந்தால் இவற்றில் பல வழிகள் அடைந்துபோயிருக்கும்.

ஏன் வருவதில்லை? ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. வேலை மாறினால் இன்ஷூரன்ஸ் போச்சு. "நீங்கள் வெறும் கேரியர் (வைரஸைச் சுமப்பவர்), கவலை வேண்டாம்" என்று யாரோ ஒரு டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். இதையெல்லாம்விட என்னை வருத்துவது பயம். விஷயம் தெரிந்தால் வீட்டில் தனித்தட்டு வைப்பார்கள், கல்யாணம் தட்டிப்போகும் என்று மறைக்கிறார்கள். சேர்ந்து சாப்பிட்டால் இது பரவவே பரவாது! ரத்தம், உடலுறவு, பிரசவம், ஒரே ரேசரைப் பலர் பயன்படுத்துவது, இவைதான் வழி.

ஆங்கிலம் தெரியாதவர்களிடம் பேச, பள்ளிக்கூடப் பிள்ளையை நடுவில் உட்கார வைத்து மொழிபெயர்க்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. புருஷனுக்குச் சோதனை செய்தாச்சா என்று மகன் வாயால் எந்த அம்மாவிடம் கேட்பது? அரசுப் பணம் பெறும் மருத்துவமனைகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பது இங்கே சட்டம். தயங்காமல் கேளுங்கள்.

இந்தியாவில் பிறந்து இங்கே வாழும் நம்மவர்களுக்கும் இது பொருந்தும். 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒருமுறையாவது சோதித்துக்கொள்ள வேண்டும் என்று 2023 முதல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்கிறது. மூன்று ரத்தச் சோதனைகள், அவ்வளவுதான். தொற்று இருந்தால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், முக்கியமாக உடன்பிறந்தவர்கள் எல்லோரும் சோதிக்க வேண்டும், தாய் ஒருவர்தானே. எதிர்ப்புசக்தி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிடலாம்.

தேவைப்படுகிறவர்களுக்குத் தினம் ஒரு மாத்திரை, எண்டெகாவிர் அல்லது டெனோபோவிர். புற்றுநோய் ஆபத்து குறையும், முழுக்கப் போகாது, அதனால் ஸ்கேன் தொடர வேண்டும். ஊருக்குப் போகும்போது மாத்திரையைக் கையோடு கொண்டுபோங்கள். திடீரென்று நிறுத்தினால் வைரஸ் வேகமாகப் பெருகிக் கல்லீரலே செயலிழக்கலாம்.