ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைகள்: கிர்கிஸ்தானின் மதரசாக்கள்

மத்திய ஆசிய நாடான கிர்கிஸ்தானில் மதக் கல்வி என்று பேச்சை எடுத்தாலே, தீவிரவாதம் வளர்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். பாடத்திட்டங்களை மதிப்பிடுவது என் தொழில். நான் முதலில் கேட்பது வேறு: மதரசாவில், அதாவது இஸ்லாமிய சமயப் பள்ளியில், சேரும் பிள்ளையிடம் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறதா?

1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து நாடு விடுதலை பெற்றபோது அங்கே பதிவு பெற்ற பள்ளிவாசல்கள் 39. இன்று அவை இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டன. மதரசாக்களும் நூற்றுக்கு மேல். கட்டடங்களுக்குத் துருக்கியும் அரபு நாடுகளும் பணம் கொடுத்தன. ஆசிரியர்கள் அவ்வளவு வேகமாக வரவில்லை. சோவியத் காலத்தின் பிற்பகுதியில், மத்திய ஆசியா முழுவதற்கும் சட்டப்படி இமாம்களை, அதாவது தொழுகையை நடத்துபவர்களை, உருவாக்கிய இடங்கள் இரண்டே: இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாராவின் மீர்-இ-அரபு மதரசா, தாஷ்கண்டின் இஸ்லாமிய நிறுவனம். மற்றதெல்லாம் ‘ஹுஜ்ரா’ எனப்பட்ட மறைவான வீட்டு வகுப்புகளில் நடந்தது. தெற்கே ஓஷ் பகுதியில், பெண்களுக்கு ஓதக் கற்றுக்கொடுத்தவர்கள் ‘ஒதுன்சா’ எனப்படும் மூத்த பெண்கள். சோவியத் அரசின் தடையால் கற்பித்தல் நிற்கவில்லை. பாடநூலும் தேர்வும் மேற்பார்வையும்தான் இல்லாமல் போயின.

விடுதலைக்குப் பின் எகிப்தின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்துக்கும் மதீனாவுக்கும் துருக்கிக்கும் பாகிஸ்தானுக்கும் படிக்கப் போனவர்கள், ஆளுக்கொரு கருத்தோடு திரும்பினார்கள். டெல்லிக்கு அருகே மேவாத்தில் தோன்றிய தப்லீக் என்ற இஸ்லாமியப் பிரசார இயக்கத்தை அண்டை நாடுகள் தடை செய்தன. கிர்கிஸ்தான் நீண்ட காலம் அனுமதித்தது. இழவு வீட்டில் குதிரை அறுத்து விருந்து வைப்பது மார்க்கத்துக்கு ஒத்ததா என்று ஊருக்கு ஊர் வாக்குவாதம். இந்த விவாதங்கள் எனக்குச் சுவையானவை. ஆனால் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுப்பவை இவையல்ல.

கெடுப்பது பள்ளிக்கும் மதரசாவுக்கும் இடையிலுள்ள இடைவெளி. நீண்ட காலமாக ஒன்பது ஆண்டுப் பள்ளிக் கல்விதான் கட்டாயம். அதற்குப் பிறகு பலர் மதரசாவுக்குப் போகிறார்கள். சிலர் அதற்கு முன்பே போய்விடுகிறார்கள். முக்காடு அணிந்து வந்த மாணவியைத் தலைமையாசிரியர் திருப்பி அனுப்புகிறார். கோபத்தில் தந்தை அவளைப் பள்ளியிலிருந்தே நிறுத்திவிடுகிறார். பெற்றோர் ரஷ்யாவுக்குக் கூலி வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிக்கு, சோறும் படுக்கையும் தந்து குடிப்பழக்கம் அண்டாமல் பார்த்துக்கொள்ளும் மதரசா பெரிய ஆறுதல். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன்.

அங்கே அரபு, குர்ஆன் ஓதல், ஹதீஸ் (நபிமொழிகள்), ஹனஃபி சட்டம் (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று) என்று பல ஆண்டுகள் படிப்பு. கணிதமும் அறிவியலும் பெரும்பாலும் ஒப்புக்குத்தான். முடிவில் கிடைக்கும் சான்றிதழை நீண்ட காலம் கல்வி அமைச்சகம் ஏற்கவில்லை. ஆண் பிள்ளை இமாம் ஆகலாம். பெண் பிள்ளைக்கு அந்த வழியும் இல்லை. 1993இல் துருக்கியின் உதவியோடு ஓஷ் அரசுப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இறையியல் துறையில் இதே பாடங்களைப் படித்தவருக்கோ அரசுப் பட்டமே கையில்!

அரசு சும்மா இருக்கவில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டம், மத அமைப்பைப் பதிவு செய்ய 200 உறுப்பினர் வேண்டும் என்றது; 2025இல் வந்த புதிய சட்டம் அதை 500 ஆக்கியது. இமாம்களுக்குத் தகுதித் தேர்வும் ‘யிமான்’ என்ற இஸ்லாமியப் பண்பாட்டு நிதியிலிருந்து உதவித்தொகையும் வந்தன. 2016இல் மதங்களின் வரலாறு சில பள்ளிகளில் சோதனைப் பாடமானது. என் பார்வையில் இதுவே உருப்படியான முயற்சி. ஆனால் வரலாற்று ஆசிரியரையே அந்த வகுப்புக்கு அனுப்பிவிட்டு, “தொழாதவன் முஸ்லிமா?” என்று மாணவன் கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. பதிவு விதிகளை இறுக்குவதில் மட்டும் குறியாக இருந்தால், சிறிய ஊர்களின் வகுப்புகள் மறுபடியும் வீட்டுக்குள் போய்விடும்.

பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. மதரசா பதிவு பெற்றதா? ஆசிரியர் எங்கே படித்தவர்? பிள்ளை மாலைப் பள்ளியிலாவது படித்து, முழுப் பள்ளிச் சான்றிதழ் பெற வழி உண்டா? மூன்றாவது கேள்விக்கு நிர்வாகி மழுப்பினால், வேறு மதரசாவைப் பாருங்கள்.