வெள்ளரிக்கு வியாதி இல்லை, மருந்து டப்பாவைக் கீழே வையுங்கள்

இந்தக் கோடையில் இது எத்தனையாவது ஆள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். நேற்று காலை நர்சரிக்கு வந்த ஒரு அம்மா, டிபன் டப்பாவைத் திறந்து என் மேசைமேல் கவிழ்த்தார். கைப்பிடி அளவு வாடிய மஞ்சள் பூ. "எல்லாம் கொட்டுது தம்பி, ஒரு காய்கூட நிக்கல. மூணு மருந்து அடிச்சாச்சு, நாலாவதா எதை அடிக்கட்டும்?"

ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். அத்தனையும் ஆண் பூ.

வெள்ளரிக் கொடியில் பெரும்பாலும் ஆண் பூதான் முதலில் வரும், பெண் பூ சில நாள் கழித்துத்தான் எட்டிப் பார்க்கும். ஆண் பூ விரிந்து, வேலை முடிந்ததும் உதிர்ந்துவிடும், அதன் ஆயுசே அவ்வளவுதான். அது நோயில்லை, சத்துக்குறைவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் கண்ணும் இல்லை. சந்தேகமாக இருந்தால் பூவின் பின்பக்கம் பாருங்கள். சுணையோடு ஒரு குட்டி வெள்ளரி ஒட்டிக்கொண்டிருந்தால் பெண் பூ, வெறும் காம்பு என்றால் ஆண் பூ. இதைத் தெரிந்துகொள்ளாமல் "மலட்டுப் பூ சத்தை உறிஞ்சுது" என்று ஆண் பூக்களை எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு. மாப்பிள்ளையை விரட்டிவிட்டு வளைகாப்புக்குத் தேதி குறிக்கிற கதை. (பசுமைக்குடிலில் போடும் சில ரகங்கள் மகரந்தமே இல்லாமல் காய்க்கும். அவற்றில் ஆண் பூவைக் கிள்ளுகிற வீடியோவைப் பார்த்துவிட்டு மாடியில் நாட்டு வெள்ளரியை வைத்துக்கொண்டு அதையே செய்யாதீர்கள்.)

சரி, பெண் பூவின் பிஞ்சும் மஞ்சளாகிச் சுருங்குகிறதே என்றால், பெரும்பாலும் அந்தப் பூவுக்குத் தேனீ வரவில்லை என்று அர்த்தம். மருந்தை எத்தனை மணிக்கு அடித்தீர்கள் என்று கேட்டேன். "காலைல ஏழு, ஏழரைக்கு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி." பூ விரிந்து தேனீ வருகிற அதே நேரம்! அதிலும் ஒன்று பருத்திக்கு அடிக்கிற மருந்து. அதை அடித்த கொடியில் காய்ப்பதைத்தான் தோலோடு நறுக்கிப் பேரனுக்குப் பச்சையாகக் கொடுக்கப் போகிறார். எனக்கு வயிறு எரிந்தது.

தேனீ வராத மாடியா? நீங்களே செய்யுங்கள். அன்று விரிந்த ஆண் பூவைக் காலை 9 மணிக்குள் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் மஞ்சள் நிற மகரந்தம் ஒட்டியிருக்கும் பகுதியைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். நாலைந்து நாளில் பிஞ்சு பருத்தால் பிடித்துவிட்டது.

மற்றதெல்லாம் சுருக்கமாக. பூச்சி வராமலிருக்கக் கொசுவலையால் மூடினால் தேனீயும் வராது, மூடித்தான் ஆக வேண்டுமென்றால் கையால் தடவிவிடுங்கள். யூரியாவை வாரிப் போட்டால் கொடி ஓடும், காய் வராது. கோடையில் தொட்டியை ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளிப்பாட்டினால் காய் கசக்கும்; காம்புப் பக்கத்தை வெட்டி நுரை வரத் தேய்ப்பதால் அந்தக் கசப்பு போகாது, ரொம்பக் கசந்தால் தூக்கிப் போடுங்கள், சாப்பிடாதீர்கள். பழ ஈ குத்திய காயைத் தயவுசெய்து உரக்குழியில் போடாதீர்கள், புழு மண்ணுக்குள் கூடு கட்டி மறுபடி ஈயாக வரும். பையில் இறுகக் கட்டி நாலு நாள் வெயிலில் போட்டுவிட்டு அப்புறம் குப்பைக்கு அனுப்புங்கள். அசுவினி (கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி) தெரிந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அதற்கும் போகாவிட்டால் வேப்பெண்ணெய், லிட்டருக்கு 5 மில்லி, இரண்டு சொட்டு சோப்புக் கரைசலோடு, சாயங்காலம் மட்டும்.

அந்த அம்மாவுக்கு மருந்து விற்கவில்லை. இரண்டு துளசித் தொட்டியைக் கொடுத்து, கதிரைக் கிள்ளாமல் பூக்க விடுங்கள், தேனீ தானாக வரும் என்றேன். வாங்கிக்கொண்டு கேட் வரை போனவர் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "அப்போ மருந்து எதுவும் வேணாமா தம்பி?"