சங்கு, சக்கரம், வாய்ப்புற்று

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஏனுங்க, பல் முகாமுல வாயைப் பாத்தாங்க, சரி. பத்து விரலுக்கும் மை தடவி ரேகை எதுக்குங்க எடுத்தாங்க? வாயில புத்து வருமான்னு அதுல தெரிஞ்சுபோயிருங்களா?”

தெரியாது. ஆனால் ரேகை எடுத்தவர்கள் ஜோசியம் பார்க்கவில்லை, ஆய்வு செய்கிறார்கள்: வாய்ப்புற்று யாருக்கு வரும் என்பதை ரேகை முன்கூட்டியே காட்டுமா? அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரே தறிக்கூடத்தில் இருபது வருடமாகப் போயிலை அதக்குபவர்களில் யாரோ ஒருவருக்கு நோய் வருகிறது, மற்றவர்கள் தப்பிவிடுகிறார்கள். பழக்கம் ஒன்றுதான், உடல்வாகு வேறு. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு பிறவியிலேயே வந்தது. பிறவியில் வந்ததைக் காட்டும் அடையாளம் உடம்புக்கு வெளியே எங்காவது இருக்கிறதா என்று தேடினால் கண் முதலில் விரல்நுனியில்தான் போய் நிற்கும். ஏனென்றால் விரலின் மேல்தோலும் வாயின் முன்பகுதி உட்தோலும் கருவில் ஒரே புறப்படலத்திலிருந்து வருபவை. அண்ணம் ஒட்டி மூடும் வாரங்களும் ரேகை தொடங்கும் வாரங்களும் ஏறக்குறைய அடுத்தடுத்து வருகின்றன. ஒருமுறை விழுந்த ரேகையின் அமைப்பு சாகும்வரை மாறுவதில்லை. மையோ மலிவு.

இந்த ரேகை எப்படி விழுகிறது என்பதுதான் இதில் உள்ள அழகு.

கருவின் ஆறாம், ஏழாம் வாரத்தில் விரல்நுனிகளில் சின்னச் சின்ன மேடுகள் புடைக்கும். பத்தாம் வாரம் தாண்டும்போது விரல் வளரும், மேடு அமுங்கும். அந்த நேரம் பார்த்துத்தான் தோலின் அடியடுக்கில் வரிவரியாக செல்கள் பெருகி உள்நோக்கி இறங்குகின்றன. ஈரோட்டு மஞ்சள் காட்டில் பார் பிடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஒரு பார் (எழுந்து நிற்கும் வரி), ஒரு சால் (இடையிலுள்ள பள்ளம்), மறுபடி ஒரு பார். ஆனால் இங்கே கயிறு பிடித்து இடைவெளி அளக்க ஆளில்லை. அப்புறம் எப்படி இடைவெளி பிசகாமல் வருகிறது?

1952-ல் ஆலன் டியூரிங் என்ற பிரிட்டிஷ் கணித மேதை இதற்கான கணக்கைப் போட்டுவிட்டார். விரல் ரேகைக்காகப் போட்டதல்ல, உயிரிகளில் கோடும் புள்ளியும் எப்படி உண்டாகின்றன என்ற பொதுக் கேள்விக்காக. ‘வளர்’ என்று சொல்லும் ஒரு வேதிப்பொருள், ‘நிறுத்து’ என்று சொல்லும் இன்னொன்று. வளர்ப்பது தன் இடத்திலேயே குவியும். அதுவே தடுப்பதையும் தூண்டிவிடும். தடுப்பது வேகமாக அக்கம்பக்கம் பரவும். ஆகவே ஒரு பார் எழுந்த இடத்தை ஒட்டி இன்னொன்று எழ முடியாது. தடுப்பின் வலு குறையும் தூரத்தில்தான் அடுத்தது எழும். இடைவெளியை அளப்பது அந்த வேதிப்பொருட்களின் பரவல்தான். எடின்பரோவில் டெனிஸ் ஹெடன் குழுவினர் 2023-ல் இதை விரலிலேயே காட்டினார்கள்: டபிள்யூஎன்டி (WNT என்று மரபியலார் எழுதுவது) என்ற சமிக்ஞை வளர்க்கிறது, பிஎம்பி (BMP) என்ற சமிக்ஞை தடுக்கிறது, ஈடார் என்ற மரபணு பாரின் அகலத்தையும் இடைவெளியையும் சீர்செய்கிறது.

அதைவிட ரசமானது, பார் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. மூன்று இடங்களில் தொடங்குகிறது: மேட்டின் நடுவில், நகத்துக்கு அடியில் நுனியில், கடைசிக் கணுவின் மடிப்பில். மூன்று அலைகளும் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. மூன்று ஆட்கள் மூன்று பக்கமிருந்து ஏர் பூட்டி வந்தால் சந்திக்கும் இடத்தில் சால்கள் ஒத்துப்போகாதல்லவா? அந்த இடத்தில் ஒரு முச்சந்தி விழும். மேடு உயரமாக இருந்து நடு அலை சீக்கிரம் கிளம்பினால் வட்டமாகப் பரந்து சக்கரம். மேடு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், வந்த பக்கமே வளைந்து திரும்பும் சங்கு. மேடு அமுங்கிய பிறகு நடு அலை சாவகாசமாகக் கிளம்பினால் மற்ற இரண்டு அலைகளும் விரலைக் குறுக்கே கடந்துவிடும், அது வில். பொதுவாக நூறு விரலில் அறுபதுக்கு மேல் சங்கு, முப்பதுபோலச் சக்கரம், ஐந்துபோல வில். இந்தியர்களிடம் சக்கரம் சற்றுக் கூடுதல்.

ஆக ரேகை சொல்லும் சேதி இவ்வளவுதான்: பத்தாவது வாரத்தையொட்டி மேடு எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்வு, எந்த அலை முந்தியது. இதில் மரபணுவுக்குப் பங்குண்டு. ஈடார் பழுதானவர்களுக்குப் பல் குறைவாக முளைக்கும், வியர்வைச் சுரப்பிகளும் குறையும். விரலுக்கும் வாய்க்கும் உறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் புகையிலை நஞ்சைச் சிதைக்கும் ஜிஎஸ்டிஎம்1 போன்ற மரபணுக்கள் வேறு குடும்பம். அவற்றுக்கும் மேட்டின் உயரத்துக்கும் இடையே பாலம் எதையும் இதுவரை யாரும் காட்டவில்லை.

இனி அந்த முகாமில் நடந்ததற்கு வருவோம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து, உலரவிட்டு, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகப் பரப்பிய மையில் விரலை உருட்ட வேண்டும். நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரே ஒரு தடவை. மை கூடினால் சால்கள் நிரம்பிக் கறுப்பு அப்பம் மாதிரி விழும். உள்ளங்கை வியர்த்தால் திட்டுத்திட்டாக வரும். உருட்டாமல் அழுத்தி எடுத்தால் முச்சந்தி தாளுக்கு வெளியே போய்விடும். அது இல்லாமல் ரேகை எண்ணிக்கை கிடையாது, ஏனென்றால் முச்சந்தியிலிருந்து நடுப்புள்ளிக்கு ஒரு கோடு இழுத்து, அது வெட்டும் பார்களைத்தான் லென்ஸ் வைத்து எண்ணுகிறார்கள். சுண்ணாம்பு, செங்கல், தறிநூல் என்று தேய்ந்த கைகளில் பார்களே மங்கிக் கிடக்கும். ரேஷன் கடை மெஷின் நம் ஊர்ப் பெரியவர்களின் விரலை ஏற்காமல் அடம்பிடிப்பதும் இதனால்தான். (கேப்சிடபின் என்ற புற்றுநோய் மாத்திரை சிலருக்கு உள்ளங்கைத் தோலை உரித்து ரேகையைத் தற்காலிகமாக அழித்துவிடுவதுண்டு. புற்றுநோய்க்கும் ரேகைக்கும் சந்தேகமே இல்லாத உறவு என்றால் அது ஒன்றுதான்.)

ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். நோயாளிகள் ஒரு கூட்டம், அதக்கியும் நோய் வராதவர்கள் ஒரு கூட்டம், பழக்கமே இல்லாதவர்கள் ஒரு கூட்டம், ஒவ்வொன்றிலும் சில பத்துப் பேர். ஒன்றில் சக்கரம் கூடியது என்பார்கள், மற்றொன்றில் வில் கூடியது என்பார்கள். பத்து விரல், மூன்று வடிவம், எண்ணிக்கை, உள்ளங்கைக் கோணம் என்று நாற்பது ஒப்பீடு செய்தால், உறவே இல்லாவிட்டாலும் இருபதுக்கு ஒன்று வீதம் சராசரியாக இரண்டு ஒப்பீடு தற்செயலாகவே ‘தேறும்’. வடிவங்களின் விகிதம் சமூகத்துக்குச் சமூகமும் மாறும். நோயாளிகள் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் ஒப்பிடும் கூட்டம் கல்லூரி மாணவர்களிடமிருந்தும் வந்தால், தெரியும் வேறுபாடு யாருடையது? சரியான வழி, இன்று ஆயிரக்கணக்கானோரின் ரேகையை எடுத்து வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டு அவர்களைத் தொடர்வது. இந்த ஆய்வுகளைச் செய்யும் மாணவர்களின் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ மேற்படிப்போ மூன்று வருடம். நீண்ட ஆய்வுக்குப் பணம் கொடுக்க ஆளில்லாத வரை சின்ன ஆய்வுகள்தான் பெருகும். இதற்கு மாணவர்களைக் குறை சொல்வது அநியாயம்.

சரி, உறவு உண்மையென்றே வைத்துக்கொள்வோம், தாராளமாகவே. அதக்குபவர்கள் 10,000 பேர், சில ஆண்டுகளில் 50 பேருக்கு நோய் வருகிறது. நோய் வருபவர்களில் 10 சதவீதத்தினருக்கு ஒரு குறிப்பிட்ட ரேகை, மற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கு. இரண்டு மடங்கு ஆபத்து! பத்திரிகைத் தலைப்புக்குப் போதும். இப்போது எண்ணுங்கள்: அந்த ரேகை உள்ள நோயாளிகள் 5 பேர். நோய் வராமல் அதே ரேகை உள்ளவர்கள் கிட்டத்தட்ட 500 பேர். நூறு பேரைப் பயமுறுத்தினால் ஒருவருக்குத்தான் பொருந்தும். மீதி 45 நோயாளிகளோ ‘உங்க ரேகை நல்ல ரேகை’ என்று கேட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய் இன்னொரு பொட்டலம் பிரிப்பார்கள். எனக்கு இந்த 45 பேர்தான் கவலை.

கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு ஓலைச்சுவடி தேடும் நாடி ஜோதிடர், குழந்தையின் பத்து விரலையும் ஸ்கேன் செய்து ‘டாக்டரா, இன்ஜினியரா’ என்று அச்சடித்துக் கொடுக்கும் டிஎம்ஐடி கடை, இவற்றோடு இந்த ஆய்வைச் சேர்க்க மாட்டேன். ஆய்வாளர் தவறென்று தெரிந்தால் கைவிடுவார், கடைக்காரர் கட்டணத்தை ஏற்றுவார்.

பாக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆனைமலைப் பாக்கும் பரமத்தி வேலூர் வெற்றிலையும் நமக்கு மங்கலப் பொருள்கள்; போயிலை இல்லாமல் வெறும் பாக்கு போட்டால் ஒன்றும் ஆகாது என்று நம்புகிறோம். ஐஏஆர்சி என்னும் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை பாக்கையே தனியாகப் புற்றுநோய்க் காரணி என்று 2004-ல் வகைப்படுத்திவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின், கன்னத்தின் உட்புறத்தில் நார்த்திசுவைப் பெருக்கும். நாளடைவில் கன்னம் வெளுத்து, தோல்வாரைப் போல விறைத்து, காரம் பட்டால் எரிந்து, வாய் திறப்பது குறையும்.

வாயைப் பார்ப்பதன் பலன் நிரூபணமானது. திருவனந்தபுரத்தில் 1996 முதல் 2004 வரை பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகப் போய் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 சதவீதம் குறைந்தது.

இதை வீட்டிலேயே மாதம் ஒருமுறை பார்க்கலாம். பல்செட்டைக் கழற்றி வாயைக் கொப்பளித்துவிட்டு, கண்ணாடி முன் செல்போன் டார்ச்சை அடித்து, போயிலை வைக்கும் பக்கத்துக் கடவாயிலிருந்து தொடங்குங்கள். கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்து உட்புறம், ஈறு, நாக்கைத் தூக்கி அடிப்பக்கம், நாக்கின் இரண்டு ஓரம். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, பட்டுத்துணி போலச் சிவந்த திட்டு, இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், விரலுக்குத் தட்டுப்படும் கட்டி: இதில் எது இருந்தாலும் வலிக்கிறதா என்று பார்த்துக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. கடைசியாக, ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கு இடையே விட்டுப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும். போன மாதம் நுழைந்தது இந்த மாதம் இரண்டோடு நின்றால், அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் காட்டுங்கள். எந்தப் பக்கம் அதக்குவீர்கள், எத்தனை வருடமாக என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள்.