ஸ்டெப்னி என்றால் என்ன, தமிழில் அதை என்ன சொல்வது?

பழைய கார் வைத்திருக்கும் நாங்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேச்சு எங்கே தொடங்கினாலும் பத்து நிமிடத்தில் வண்டிக்குள் போய்விடும், வண்டிக்குள் போனது அடுத்த பத்து நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடும். ஹெரால்டு கார் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கார்புரேட்டர் ஜெட்டில் ஆரம்பித்துத் தன் முட்டிவலியில் முடிப்பார். பிரேக் ஷூ எங்கே கிடைக்கும் என்று கேட்டவரிடம் கல்யாண மண்டப வாடகை பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். போன வாரம், தாத்தாவின் அம்பாசடரைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு புதிதாக வந்து சேர்ந்த தம்பி ஒருவன் டீ ஆறுவதற்குள் கேட்டான்: "ஸ்டெப்னி ஸ்டெப்னின்னு சொல்றோமே, அதுக்கு என்ன சார் அர்த்தம்? தேடிப் பார்த்தா லண்டன்ல ஒரு ஏரியான்னு வருது."

ஹெரால்டுக்காரர் உடனே, "ஸ்டெப்புல வெச்சிருப்பாங்கப்பா, அதான் ஸ்டெப்னி" என்றார். கேட்கச் சரியாகத்தான் இருந்தது. 1920, 30களின் பெரிய கார்களைப் பார்த்திருப்பீர்கள், ஏறுவதற்குப் பக்கவாட்டில் நீளமாக ஒரு படி ஓடும், அந்தப் படி முன் மட்கார்டில் போய் முட்டுகிற இடத்தில் ஒரு குழி வைத்து அதில் கூடுதல் சக்கரத்தை நிறுத்தியிருப்பார்கள். ஆனால் அந்தப் படிக்கும் இந்தச் சொல்லுக்கும் எந்த உறவும் இல்லை. லண்டன் பகுதியும் நேரடியாகச் சம்பந்தப்படவில்லை. ஒரு தெருவின் பெயர் அது. வேல்ஸ் நாட்டுத் தெரு.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஓடுகிற சக்கரங்கள் போக, வழியில் பஞ்சர் ஆனால் மாட்டிக்கொள்ள என்று கூடவே தூக்கிக்கொண்டு போகிற சக்கரம்தான் ஸ்டெப்னி. காருக்கு ஐந்தாவது, ஆட்டோவுக்கு நாலாவது, பழைய பஜாஜ் ஸ்கூட்டருக்கு மூன்றாவது. ஸ்டெப்பினி, டெப்னி என்றெல்லாம் வாய்க்கு வந்தபடி சொல்வோம். இங்கிலாந்தில் இன்றைக்கு ஒருவரிடம் போய் இந்தச் சொல்லைச் சொன்னால் பெரும்பாலும் புரியாது, அவர்களுக்கு அது ஸ்பேர் வீல்தான். அவர்கள் மறந்துவிட்ட சொல்லை நாம் நூறு வருஷத்துக்கு மேலாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

1900களின் தொடக்கத்தில் கார் வாங்கியவனுக்குக் கம்பெனி மாற்றுச் சக்கரம் எதுவும் தராது. தந்தாலும் பிரயோஜனம் கிடையாது, ஏனென்றால் அன்றைய சக்கரத்தை நாலு நட்டைக் கழற்றிக் கையில் எடுத்துவிட முடியாது. பெரும்பாலும் மர ஆரக்கால் வைத்த சக்கரம், வண்டியோடு வண்டியாகப் பொருத்தியிருக்கும். சாலை முழுக்கக் குதிரை வண்டிகள், குதிரை லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள். ஆணி ஏறினால் அங்கேயே உட்கார்ந்து, நெம்புகோல் போட்டு டயரைப் பிதுக்கி எடுத்து, டியூபை வெளியே இழுத்து, ஓட்டையைத் தேடி ஒட்டு போட்டு, திரும்பத் திணித்து, கையாலேயே காற்றடிக்க வேண்டும். மழை பெய்தாலும் அதேதான். கோட்டு சூட்டு போட்ட கனவான்கள் சேற்றில் குந்திக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும், ஆனால் என் கதையும் கீழே வரப்போகிறது என்பதால் அடக்கிக்கொள்கிறேன்.

தெற்கு வேல்ஸில் தகரத் தகடு செய்வதற்குப் பேர்போன லனெத்லி என்ற ஊர். (நம்முடைய ழ மாதிரி, அந்த ஊர்ப்பெயரிலும் வெளியூர்க்காரர் நாக்குக்கு வராத ஒரு ஒலி உண்டு, நான் எழுதியிருப்பது கிட்டத்தட்டத்தான்.) அங்கே இரும்புச் சாமான் வியாபாரம் செய்த தாமஸ் மோரிஸ் டேவிஸ், வால்டர் டேவிஸ் என்ற சகோதரர்கள் 1904இல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். ஆரக்கால் இல்லாத, நடுவில் அச்சு மாட்டும் குடம் இல்லாத, வெறும் வளையம் ஒன்று. அதன்மேல் ஏற்கெனவே காற்றடித்த டயர். இந்த வளையத்தைப் பஞ்சரான சக்கரத்தின் விளிம்போடு ஒட்டி வைத்துக் கொக்கிகளால் பிடித்துத் திருகினால் போதும், வண்டி கிளம்பிவிடும். அதாவது நொண்டிக் காலைக் கழற்றாமல் பக்கத்திலேயே ஒரு கட்டைக்காலைக் கட்டிவிடுவது. அவர்களுடைய பட்டறை இருந்தது ஸ்டெப்னி தெருவில். அந்த ஊரில் நிலபுலன் வைத்திருந்த ஒரு பெரிய குடும்பத்தின் பெயர் ஸ்டெப்னி, தெருவுக்கு அந்தப் பெயர், தெருவிலிருந்து சக்கரத்துக்கு. லண்டன் டாக்சிகள் எல்லாவற்றிலும் எங்கள் சக்கரம்தான் என்று 1909 வாக்கில் கம்பெனி சொல்லிக்கொள்கிற அளவுக்கு விற்பனை ஓடியது.

அப்புறம் என்ன, சில ஆண்டுகளிலேயே முழுச் சக்கரத்தையும் கழற்றி மாட்டுகிற வசதி வந்துவிட்டது. கட்டைக்கால் தேவைப்படவில்லை. டேவிஸ் சகோதரர்களின் வளையம் போய்விட்டது, அதன் இடத்தில் வந்து உட்கார்ந்த முழுச் சக்கரம் பழைய பெயரையே எடுத்துக்கொண்டது. எந்த வனஸ்பதியையும் டால்டா என்பது மாதிரி, எந்த நகலையும் ஜெராக்ஸ் என்பது மாதிரி. நாம் ஸ்டெப்னியைப் போட்டு வைக்கும் டிக்கியும் இதே ரகம்தான். பழைய இரண்டு பேர் கார்களில் பின்பக்க மூடியைத் திறந்தால் வெட்டவெளியில் உட்கார ஒரு இருக்கை விரியும், அதற்குத்தான் அந்தப் பெயர். இருக்கை போய் மூட்டை முடிச்சு வந்த பிறகும் நாம் பெயரை மாற்றவில்லை. அந்த வகையில் பழைய கார் வைத்திருப்பவர்களைவிட நம் பேச்சு பழையதைப் பத்திரமாக வைத்திருக்கிறது.

நாம் மட்டும் இல்லை. துருக்கியில் ஸ்டெப்னே என்கிறார்கள், மால்டாவிலும் இந்தச் சொல் உண்டு, பிரேசிலில் வால் நறுங்கி எஸ்தெப்பே ஆகிவிட்டது, எகிப்தில் இஸ்திப்ன். எகிப்தில் ஒரு சுவாரசியம் நடந்தது. 2012 ஜனாதிபதித் தேர்தலில் முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பு முதலில் நிறுத்திய கைரத் அல்ஷாதர் தகுதி நீக்கம் செய்யப்பட, மாற்றாக நின்றவர் முகமது மோர்சி. ஊரே அவரை "ஸ்டெப்னி, ஸ்டெப்னி" என்று கேலி செய்தது. ஸ்டெப்னி ஜெயித்து ஜனாதிபதியும் ஆனார். நம் ஊரிலும் இந்தச் சொல்லுக்கு ஒரு கேலி முகம் இருப்பது உங்களுக்குத் தெரியும், சின்ன வீட்டைக்கூட அப்படிச் சொல்கிற ஆட்கள் உண்டு. எனக்குப் பிடிக்காது. மனுஷியைச் சக்கரத்தோடு சேர்ப்பது ஒரு பக்கம், இன்னொரு பக்கம் அந்தச் சக்கரத்தையும் கேவலப்படுத்துகிற பேச்சு அது.

சரி, தமிழில் என்ன சொல்வது? உதிரிச் சக்கரம் என்று எழுதுகிறார்கள். உதிரி என்றால் தொடுக்காமல் தனியாகக் கிடப்பது, உதிரிப்பூ மாதிரி. உதிரிப்பாகம் என்ற சொல் ஊன்றிவிட்டதால் அதை ஒட்டி இதையும் செய்திருக்கிறார்கள், ஆனால் கடையில் அடுக்கி வைத்திருக்கும் சக்கரமும் உதிரிதானே? ஆபத்துக்கென்று கூடவே கொண்டுபோகிற பொருள் அதில் வரவில்லை. மாற்றுச் சக்கரம் பரவாயில்லை, யாருக்கும் புரியும். பதிலிச் சக்கரம் என்று ஒரு இடத்தில் பார்த்தேன், ஆள்மாறாட்ட வழக்கு மாதிரி இருக்கிறது, வேண்டாம்.

இந்த மூன்றையும்விடப் பொருத்தமான சொல் புறநானூற்றில் கிடக்கிறது, 102ஆம் பாட்டு. ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடியது.

"எருதே இளைய; நுகம் உணராவே;
சகடம் பண்டம் பெரிது பெய்தன்றே;
அவல் இழியினும் மிசை ஏறினும்
அவணது அறியுநர் யார் என, உமணர்
கீழ்மரத்து யாத்த சேம அச்சு அன்ன"

உமணர் என்றால் உப்பு வணிகர்கள், கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு உப்பு மூட்டை ஏற்றிப் போகிறவர்கள். மாடுகளோ இளசு, நுகத்தடி பழகாதவை. வண்டியில் பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அங்கே என்ன ஆகுமோ யாருக்குத் தெரியும் என்று, வண்டியின் அடிமரத்தில் கூடுதலாக ஒரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்களாம். அதுதான் சேம அச்சு. யாத்த என்றால் கட்டிய, செய்யுளைக் கட்டுவதை யாப்பு என்கிறோமே, அதே வினை. சக்கரத்தை விட்டுவிட்டு அச்சை ஏன் எடுத்துப்போனார்கள் என்று தம்பி கேட்டான், நல்ல கேள்வி. ரப்பர் இல்லை, காற்று இல்லை, பஞ்சர் ஆக ஒன்றும் இல்லை. பள்ளத்தில் ஒரு பக்கம் இறங்கும்போது மொத்தப் பாரமும் போய் விழுகிற இடம் அச்சு, அது முறிந்தால் உப்பு நடுக்காட்டில். எது உடையுமோ அதைத்தானே கூடுதலாக வைத்துக்கொள்வோம்.

"அவணது அறியுநர் யார்" என்ற மூன்று சொல்லில் ஸ்டெப்னியின் முழு விளக்கமும் அடங்கிவிடுகிறது. இதில் எனக்கு இன்னும் பிடித்தது, ஔவையார் இதைக் கேலியாகச் சொல்லவில்லை என்பது. நீ சேம அச்சு மாதிரி என்று ஒரு இளவரசனைப் பார்த்துச் சொல்கிறார், உன் நிழலில் வாழ்பவர்களுக்கு இருட்டு ஏது என்று முடிக்கிறார். மோர்சிக்குத் திட்டாக வந்தது பொகுட்டெழினிக்குப் புகழாக வந்திருக்கிறது.

சேமம் என்றால் பாதுகாப்பு, காவல், நலம். வடமொழி க்ஷேமத்தோடு சேர்த்துச் சொல்வார்கள், அதனால் தனித்தமிழ் அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம், சக்கரம் என்பதற்கும் அதே பஞ்சாயத்து உண்டு. ஔவையார் வாயில் வந்த சொல் எனக்குப் போதும். சேமிப்பு, சேமநிதி எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்தான், இலங்கையில் இன்றைக்கும் வேலைக்குப் போகிறவர்களின் சம்பளத்தில் பிடிப்பது ஊழியர் சேமலாப நிதிக்கு. ஆகவே சேமச் சக்கரம். எழுதும்போது நடுவில் ச் போடுங்கள், மரச்சட்டம் மாதிரி. பேச்சில் ஸ்டெப்னியை விடச் சொல்லவில்லை, மெக்கானிக்கிடம் போய்ச் சேமச் சக்கரம் என்றால் அவர் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். எழுத்தில் கொண்டுவரலாம், வண்டியோடு வரும் கையேட்டில் போட்டால் இன்னும் நல்லது. அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும்: டியூப் இல்லாத டயர், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் பெட்டி மூன்றும் இருந்தால் சிறிய பயணிகள் வண்டிக்குக் கூடுதல் சக்கரம் கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசே விதியை மாற்றிவிட்டது.

இப்போது என் கதை. சில வருஷங்களுக்கு முன் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம், என் பழைய பத்மினி காரில் போனோம். அச்சரப்பாக்கம் தாண்டியதும் பின்பக்க இடது டயர் உட்கார்ந்துவிட்டது. கவலையே படாமல் இறங்கினேன், வேட்டியை மடித்துக் கட்டி, டிக்கியைத் திறந்து, பட்டுப்புடவைப் பெட்டியையும் சீர்வரிசைத் தட்டையும் இறக்கிவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுத்தேன். கீழே போட்டதும் அது உருளவில்லை, அப்படியே படுத்துக்கொண்டது. வாங்கிய நாளிலிருந்து அதற்குக் காற்றுப் பிடித்த நினைவே எனக்கில்லை. "என்னங்க, இதுலயும் காத்து இல்லையா?" என்றாள் மனைவி. அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. (பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலில் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்சுவதே ஸ்டெப்னியின் காற்றழுத்தத்தில்தான். கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லை என்றாலே ஸ்டெப்னியைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பத்மினிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

ஓரங்கட்டி நின்றிருந்த லாரியிலிருந்து டிரைவர் இறங்கி வந்தார். பார்த்தார், சிரிக்கவில்லை. "சார், ஓடுற டயருக்குப் புடிக்கும்போதே இதுக்கும் புடிச்சிரணும்" என்றார். பிறகு தன் லாரியின் பின்பக்கம் என்னைக் கூட்டிப்போய்க் குனியச் சொன்னார். சேஸிக்கு அடியில், சங்கிலி போட்டு இழுத்துக் கட்டி, மண் அப்பிய ஒரு முழு டயர் தொங்கிக்கொண்டிருந்தது. காலால் ஓங்கி ஓர் உதை விட்டார், டங் என்றது. "எப்பவும் இந்தச் சத்தம் வரணும் சார்." கிளீனர் பையன் என் இரண்டு டயரையும் லாரியில் போட்டுக்கொண்டு மேல்மருவத்தூர்ப் பக்கம் ஒட்டிக்கொண்டு வந்தபோது முகூர்த்தம் முடிந்திருந்தது. பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.

"கீழ்மரத்து யாத்த" என்பதற்குத் தம்பி அர்த்தம் கேட்டபோது எனக்கு உப்பு வண்டி ஞாபகம் வரவில்லை, அந்தச் சங்கிலிதான் வந்தது. டீக்காசு கொடுத்துவிட்டு எல்லோரும் அவனுடைய அம்பாசடரின் டிக்கியைத் திறந்து பார்த்தோம். ஹெரால்டுக்காரர் தன் முட்டிவலியையும் மறந்து ஸ்டெப்னியை ஓர் உதை விட்டார்.

சத்தம் வரவில்லை.