அட்டாக், அரெஸ்ட், ஸ்ட்ரோக்: எது எது?

"டாக்டர், அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்திருக்கு. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு, வேர்த்துக் கொட்டுது."

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்ப்பவர்களுக்கு இப்படி ஒரு போன் புதிதில்லை. பேசியவர் நன்றாகப் படித்தவர்தான். அவர் விவரித்தது மாரடைப்பை, சொன்ன பெயரோ மூளைக்கு வரும் நோயின் பெயர். நல்ல வேளையாக நெஞ்சையும் வேர்வையையும் சேர்த்துச் சொன்னார். "ஸ்ட்ரோக்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தால், நாங்கள் வேறு ஒரு நோயாளிக்குத் தயாராகிக் கொண்டிருப்போம்.

ஸ்ட்ரோக் மூளை சம்பந்தப்பட்டது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும், அல்லது வெடிக்கும். வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கையைத் தூக்க வராது, பேச்சு குழறும். அடைப்பு என்றால் அதைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால்தான் வாசலிலேயே "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று நச்சரிக்கிறோம்.

இதயத்துக்கு வருவோம். இங்கே மூன்று சொற்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன: அட்டாக், அரெஸ்ட், ஃபெயிலியர்.

அட்டாக் என்பது இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாயில் விழும் அடைப்பு. மாரடைப்பு என்ற தமிழ்ச் சொல் ஆங்கிலத்தைவிடத் தெளிவானது. காரணம் பெயரிலேயே இருக்கிறது. இவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், பேசுவார், "வெறும் கேஸ்தான்" என்று நம்மையே சமாதானப்படுத்துவார். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலி அவ்வளவாக இல்லாமல், மூச்சு வாங்குவதும் குமட்டலும் மட்டுமே இருக்கலாம். அவரை உட்கார வைத்து, நடக்க விடாமல், உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். அவருடைய மார்பை அமுக்கக் கூடாது.

அரெஸ்ட் என்றதும் பலருக்குப் போலீஸ்தான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல்லின் பழைய பொருள் 'நிறுத்துவது'. இங்கே நின்றுபோனது இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் வேலை. சில நொடிகளில் ஆள் சரிந்துவிடுவார். கூப்பிட்டால் பதில் இருக்காது, ஒழுங்கான மூச்சும் இருக்காது. 'ஒழுங்கான' என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதல் சில நிமிடங்களுக்குக் கரையில் போட்ட மீன்போல விட்டு விட்டு வாய் திறந்து இழுப்பு வரலாம். "மூச்சு இருக்குதே" என்று சுற்றி நிற்பவர்கள் காத்திருப்பது இதைப் பார்த்துத்தான். அது மூச்சு அல்ல.

இவருக்குத்தான் மார்பை அமுக்க வேண்டும். மார்பின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. முதலுதவியும், இதயத்துடிப்பை மீட்கக் கொடுக்கும் மின் அதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை.

அட்டாக் முற்றி அரெஸ்ட்டில் முடிவதும் உண்டு. குழப்பத்துக்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் செய்திகள். இதயம் எப்படி நின்றிருந்தாலும் "மாரடைப்பால் காலமானார்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அரெஸ்ட்டை 'இதய நிறுத்தம்' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது சொல்தான் தேவையில்லாமல் அழ வைக்கிறது. ரிப்போர்ட்டில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று பார்த்ததும் குடும்பமே கலங்கிவிடுகிறது. இதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அதனால் தள்ள முடியவில்லை, அவ்வளவுதான். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். கவனமாக மருந்து எடுத்துக்கொண்டு பல வருடம் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். 'செயலிழப்பு' என்று தமிழில் எழுதி நாமும் பயத்தைக் கூட்டிவிட்டோம்.

"மைல்டு அட்டாக்தான் சார்" என்பதையும் தினம் கேட்கிறேன். செத்துப்போன இதயத் தசை மைல்டாகச் சாவதில்லை.

அடுத்த ஜோடி அக்யூட், க்ரானிக். இரண்டையுமே 'ரொம்ப மோசம்' என்றுதான் மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டும் தீவிரத்தைச் சொல்வதில்லை, காலத்தைச் சொல்கின்றன. அக்யூட் என்றால் திடீரென்று வந்தது, க்ரானிக் என்றால் நாள்பட்டது. கிரேக்க மொழியில் க்ரோனோஸ் என்றால் காலம். சிறுநீரகக் கோளாறு மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அதை க்ரானிக் என்கிறோம். அதன் முதல் கட்டத்தில் இருப்பவருக்குத் தொந்தரவே தெரியாமல் இருக்கலாம். அக்யூட் என்று எழுதப்பட்ட சிறுநீரகப் பாதிப்பு சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும், ஆனாலும் சரியான சிகிச்சையில் பலருக்கு மீண்டுவிடும். எவ்வளவு தீவிரம் என்று தெரிய வேண்டுமானால், "சிவியர்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது எங்களிடமே கேளுங்கள்.

டெஸ்ட் ரிசல்ட்டில் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் பற்றி ஒரே வரி: பாசிட்டிவ் என்றால் தேடியது கிடைத்தது. கிடைத்தது நல்லதா கெட்டதா என்பது எதைத் தேடினோம் என்பதைப் பொறுத்தது.

எனக்கு மிகவும் பயமான ஜோடி ஹைப்போவும் ஹைப்பரும். காதில் ஒன்றுபோல விழும், பொருள் நேர் எதிர். ஹைப்போ என்றால் சர்க்கரை இறங்கியது, ஹைப்பர் என்றால் ஏறியது. 70க்குக் கீழே போனால் இறங்கியதாகக் கணக்கு. நடுக்கம், குளிர்ந்த வேர்வை, பசி, தடுமாற்றம் வரும். விழுங்க முடிகிறவருக்கு 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

ஒரு அம்மாவுக்கு டிஸ்சார்ஜ் ஆகும்போது, "ஹைப்போ வந்தா இனிப்பு கொடுங்க" என்று மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் அம்மாவுக்கு வேர்த்து, பேச்சு குழறியது. மகளுக்கு அது ஹைப்போவா ஹைப்பரா என்று நினைவில்லை. சர்க்கரை ஏறியிருந்தால் இனிப்பு விஷமாகிவிடுமே என்று பயந்து, ஒன்றும் கொடுக்காமல் அழைத்து வந்தார். வரும்போது சர்க்கரை 41.

குளுக்கோஸ் ஏற்றியதும் அம்மா கண் திறந்து, ஏன் எல்லோரும் நிற்கிறீர்கள் என்று கேட்டார். மகள் என்னிடம், "இறங்கினால்னு சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும் டாக்டர்" என்றார். அன்றிலிருந்து நான் எழுதும் சீட்டுகளில் அந்த இரண்டு ஆங்கிலச் சொற்களும் இல்லை. 'சர்க்கரை இறங்கினால்', 'சர்க்கரை ஏறினால்' என்று இரண்டு வரி, இரண்டு நிற மையில்.